செல்லுக்கு அவசரம் தெரியாது

குரோமோசோம் லேப் வேலை என்பது கைக்குழந்தை வளர்க்கிற மாதிரி: வேளைக்குச் சாப்பாடு, சூடு, சுத்தம் எல்லாம் நாம் தரவேண்டும், அது மட்டும் நம் பேச்சைக் கேட்காது. இதே பாடுபட்ட சகாக்களே, எண்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸ் லேப் ஒன்றில் நான் பட்டதையும் கேளுங்கள்.

தீபாவளிச் சாப்பாடு

கர்ப்பிணியின் பனிக்குட நீரில் குழந்தையின் செல்கள் மிதக்கும். அவற்றைப் பாட்டிலில் வளர்த்து, பெருகியதும் குரோமோசோம் சரியா என்று பார்ப்பேன். சத்துத் திரவத்தை மாற்றாவிட்டால் பிரிவதை நிறுத்திக்கொள்ளும், அவ்வளவு ரோஷம்! தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு லேபுக்குக் கிளம்பினேன். அம்மா முறுக்குத் தட்டோடு வாசலை மறித்தார்.

"பெத்தவ ஊட்டுறத விட்டுட்டு, பாட்டில்ல இருக்கறதுக்கு ஊட்டப் போறியா?"

யூனியன்

அந்தப் பாட்டில், காப்பார் என்ற ஊரிலிருந்து வந்த கர்ப்பிணி லெட்சுமி அக்காவுடையது. அவருடைய மூத்த பையனுக்குக் குரோமோசோம் ஒன்று கூடுதல். வயிற்றில் இருப்பதும் அப்படியா என்று தெரியவேண்டும். "கலைச்சிடு" என்று சொந்தக்காரர்கள் வேறு நச்சரிப்பு. செல்களோ ஆடி அசைந்து வளர்ந்தன. என் பாஸ் டாக்டருக்குப் பொறுக்கவில்லை. "இன்னிக்கே மருந்த ஊத்து, கிடைச்சத வச்சி ரிப்போர்ட் குடு" என்றார்.

செல் இரண்டாகும் முன் ஒவ்வொரு குரோமோசோமையும் இழை பிடித்திருக்கிறதா என்று பார்க்கும். ஒன்று விட்டுப்போனாலும் பிரியாமல் நிற்கும். எங்கள் மருந்து அந்த இழைகளையே குலைத்துவிடும். செல் பாவம், காத்துக்கொண்டு நிற்கும், அப்போதுதான் எண்ணுவோம். பிரியவே தொடங்காத செல்லில் எதை எண்ணுவது? எனக்கு ரத்தம் கொதித்தது. "ஒண்ணு விட்டுப்போனா செல்லே நிக்குது டாக்டர், நான் நிக்கக்கூடாதா? ஊத்த மாட்டேன். வேலைய விட்டுத் தூக்கினாலும் சரி" என்றேன்.

"நீ என்னலா, செல்லுக்கெல்லாம் யூனியன் லீடரா?"

காப்பார் அக்கா

அடுத்த வாரம் செல்கள் தாமாகவே உருண்டு மின்னிப் பிரியத் தொடங்கின. மருந்து ஊற்றி எண்ணினேன், கூட வேலை செய்த தோழியையும் எண்ணச் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லெட்சுமி அக்கா, தன் புருஷனின் மோட்டார் சைக்கிளில் பையனோடு வந்தார். டாக்டர் வாயைத் திறக்குமுன் அக்கா கையை உயர்த்தினார்.

"இருங்க டாக்டர், எதுவா இருந்தாலும் இத பெத்துக்கத்தான் போறேன், எப்படி வளக்கணும்னு தயாராகத்தான் கேக்க வந்தேன், இப்ப சொல்லுங்க."

டாக்டருக்கு அடங்காத செல்லையும் ஊருக்கு அடங்காத அக்காவையும் பார்த்த பிறகு, நான் மட்டும் யாருக்கு அடங்குவதாம், சொல்லுங்கள்!