பூஜ்ஜியம் மூன்றில் தொடங்கிய எண்

யோகேஸ்வரி என் பஸ்ஸில் முதன்முதலில் ஏறியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. மாசாயிலிருந்து பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் அது. நான் ஓட்டுநர். அன்றைக்கு ஆறு நிமிடம் தாமதம். ஏறியதும் என்னைப் பார்த்து, "அண்ணே, உங்க வீட்டுல கடிகாரம் இல்லையா?" என்று கேட்டாள். முப்பது பேர் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வாய்க்கொழுப்பைப் பார் என்று முணுமுணுத்துக்கொண்டே கியரைப் போட்டேன். இரண்டு வருடம் கழித்து அவளையே கட்டிக்கொண்டேன். அந்த 'அண்ணே'யை வைத்து எங்கள் தாமான் குடியிருப்பில் இன்றுவரை என்னை ஓட்டுகிறார்கள்.

மின்சாதனத் தொழிற்சாலையில் இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்தாள். கடைசிப் பத்து வருடம் லைன் லீடர். ஓடிவரும் பொருளைப் பார்த்து நல்லது ஒரு பக்கம், ரிஜெக்ட் ஒரு பக்கம் என்று பிரிப்பவர்களுக்கு மேலே இவள். அந்தக் கண் வீட்டிலும் ஓயாது. குழம்பில் உப்பு குறைந்தாலும் சரி, நான் சொல்வதில் உண்மை குறைந்தாலும் சரி, உடனே தெரிந்துவிடும். எனக்கும் மகள் பிரேமளாவுக்கும் அவளிடமிருந்து தப்ப வழியே கிடையாது.

நாற்பத்து மூன்று வயதில் வறட்டு இருமல் வந்தது. பிறகு துணி காயப்போடவே மூச்சு வாங்கியது. ஜொகூர் பாருவில் டாக்டர் படத்தைக் காட்டி, 'பாரு-பாரு' கெட்டுப்போய்விட்டது என்றார். மலாயில் நுரையீரலுக்கு அதுதான் பெயர். வெளியே வந்ததும் இவள், "பாரு பாருங்குறாரே, பாத்தாச்சு. அப்புறம் என்ன செய்யணுமாம்?" என்றாள். அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நுரையீரல் முழுக்கத் தழும்பு. தேங்காய் நார் மாதிரி இறுகிக்கொண்டே போகுமாம். ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மருந்து கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது.

மூன்றாவது வருடம் வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. அதன் குழாய் சமையலறை வரை எட்டும், வாசல் கேட் வரை எட்டாது. அப்போதுதான் கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே நுரையீரல் மாற்றுப் பிரிவு தொடங்கி நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. டாக்டர் லிம் ஒளிவுமறைவு இல்லாமல் பேசும் பெண். "இதுவரை பதின்மூன்று பேருக்குச் செய்திருக்கிறோம். ஒன்பது பேர் நடமாடுகிறார்கள்," என்றார். நான் மனதுக்குள் ஒன்பதைப் பிடித்துக்கொண்டேன். லைன் லீடர் அம்மா விடுவாளா? "காத்துக்கிட்டு இருக்கும்போதே போனவங்க எத்தன பேர் டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டர் பேனாவை மூடினார். "அதைவிட அதிகம்," என்றார்.

பரிசோதனை எல்லாம் முடிந்து அவள் பெயர் பட்டியலில் ஏறியது. தாதி ரோஹானா எங்களுக்குப் பாடமே நடத்தினார். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் நுரையீரலை எடுத்தால் சில மணி நேரம்தான் தாங்கும். அழைப்பு வந்தால் உடனே கிளம்ப வேண்டும். மாசாயிலிருந்து நான்கு மணி நேர ஓட்டம். மூன்று தொலைபேசி எண் வாங்கிக்கொண்டார்: அவளுடையது, என்னுடையது, பிரேமளாவுடையது. ரோஹானாவின் கைப்பேசி எண்ணை அவள் 'பாரு பாரு' என்ற பெயரில் பதிந்துகொண்டாள். கதவோரம் ஒரு பை தயாராக நின்றது. இப்படியே ஒன்றரை வருடம்.

இனி என் பெருமையைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் தைப்பூசத்துக்கு முன்னால் கோயில் கமிட்டி மனோகரன் அண்ணனை ஸ்கேமர்கள் ஏமாற்றிவிட்டார்கள். பூஜ்ஜியம் மூன்றில் தொடங்கும் கோலாலம்பூர் எண், போலீஸ் என்று ஒரு குரல், ஐசி நம்பரை, அதாவது அடையாள அட்டை எண்ணை, சரிபார்க்க வேண்டும் என்று ஒரு பேச்சு. ஓய்வுக்காலச் சேமிப்பு முழுக்கப் போயிற்று. நான் சும்மா இருப்பேனா? கோயில் வாட்ஸப் குழுவில் தினமும் எழுதினேன். பூஜ்ஜியம் மூன்றா, எடுக்காதே. ஐசி கேட்டானா, ப்ளாக் செய். தாமான் முழுக்க நான்தான் வாத்தியார்.

தைப்பூசம் முடிந்து வந்த வியாழக்கிழமை, மதியம் ஒன்றே கால். நான் ஷிப்டு முடித்து வீட்டில் இருந்தேன். அவள் குழாயோடு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கைப்பேசி அடித்தது. பூஜ்ஜியம் மூன்று. எழுந்துவிடப் போகிறாளே என்று துண்டித்தேன். மறுபடி அடித்தது. சமையலறைக்குக் கொண்டுபோய் எடுத்தேன். ஒரு வாலிபக் குரல் மலாயில் வேகவேகமாகப் பேசியது. மருத்துவமனையிலிருந்து பேசுகிறோம், அவசரம், முதலில் திருமதி யோகேஸ்வரியின் ஐசி நம்பரைச் சரிபார்க்க வேண்டும்.

அலமாக், அப்படியே மனோகரன் அண்ணன் சொன்ன பேச்சு! மருத்துவமனையிலிருந்து என்றால் ரோஹானா அல்லவா பேசுவார்? 'பாரு பாரு' என்றல்லவா திரையில் வரும்? "வேற ஆளப் பாரு தம்பி! ஏமாற இங்க யாரும் இல்ல!" என்று மலாயில் ஒரு கத்து கத்தி, அந்த எண்ணை ப்ளாக் செய்தேன். இரண்டு நிமிடத்தில் என் கைப்பேசியிலும் அதே எண். என் நம்பரையும் பிடித்துவிட்டான் பார் என்று அதையும் ப்ளாக் செய்தேன். பிறகு ஒரு காப்பி கலக்கி, ரசித்துக் குடித்தேன்.

பிரேமளா சிங்கப்பூரில் சிப் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். உள்ளே கைப்பேசி கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். மாலை ஆறரைக்கு அழைத்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அப்பா, கேஎல் போய்ச் சேந்துட்டீங்களா? அம்மாக்கு லங்ஸ் கெடச்சிருச்சாமே! மெசேஜ இப்பத்தான் பாத்தேன்பா!"

இரண்டு கைப்பேசியோடும் வெளியே ஓடி, இரண்டிலும் ப்ளாக்கை எடுத்து, அந்த எண்ணுக்கே அழைத்தேன். அதே வாலிபன்தான் எடுத்தான். ரோஹானா மெக்காவுக்கு உம்ரா போயிருக்கிறார், அவர் இடத்தில் இவன். மூன்று மணி வரை முயன்றார்களாம். பிறகு பட்டியலில் அடுத்தவரை வரச் சொல்லிவிட்டார்களாம். நான் கத்தியதை அவன் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. பஸ்ஸில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டு, அதற்குள் போய் உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் சொல்லாதே என்று பிரேமளாவைக் கெஞ்சினேன். அவள் அழுதாள். "நான் சொல்ல மாட்டேன்பா. ஆனா நீங்க சொல்லணும்," என்றாள். நான் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று மாதம் ஓடியது. மெஷினின் அளவு இரண்டு லிட்டரிலிருந்து ஐந்துக்கு ஏறியது. இனி அவளால் சமையலறை வரைகூட நடக்க முடியாது.

ஏப்ரலில் கோலாலம்பூர் கிளினிக்குக்குப் போனோம். அவள் தள்ளுநாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் முகக்கவசம் போட்ட ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார். பெயர் செல்வராணி. சுங்கை சிப்புட்டில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துபவர். நுரையீரல் மாற்றிக்கொண்டவர்; குழாய் இல்லை, சிலிண்டர் இல்லை. பேச்சு மட்டும் நிற்காமல் வந்தது.

"நான் ரெண்டாவது ஆளும்மா. மொத ஆளு வர முடியலையாம். பாவம், அவங்களுக்கு என்ன ஆச்சோ. தெனமும் அவங்க பேருக்குன்னு ஒரு வெளக்கு ஏத்துறேன். பேரு தெரியாது, சும்மா ஏத்துறேன்."

"எப்பக்கா ஆச்சு உங்களுக்கு?" என்றாள் இவள்.

"தைப்பூசம் முடிஞ்சு வந்த வியாழக்கெழம. மூணு மணிக்கு மேல போன் பண்ணாங்க."

யோகேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அக்கா, உங்க முதுகுல காத வெச்சு ஒரு தடவ கேக்கட்டுமா?" என்றாள். செல்வராணி சிரித்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்தார். இவள் காதை வைத்துக் கண்ணை மூடினாள். "சுத்தமா இருக்குக்கா. ஒரு கொறையும் இல்ல," என்றாள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் வாங்கப் போவதுபோல எழுந்து போனேன்.

திரும்பி வரும் வழியில் மாச்சாப் நெருங்கியது. அவள் கேட்டாள். "அந்த வியாழக்கெழம ஏன் நீங்க சாப்பிடல?"

ஓய்விடத்தில் காரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்ஜியம் மூன்று, ஐசி, நான் கத்தியது, காப்பி குடித்தது, ஒன்று விடாமல். அவள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது.

"எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு உங்கள நாலு கத்து கத்தணும்," என்றாள். "கத்த மூச்சு இல்ல."

"திட்டு யோகேஸ். மெதுவாத் திட்டு."

"மெதுவாத் திட்டுனா ஆறாது. நான் சொல்றேன், நீங்க சத்தமா சொல்லுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் என் பக்கம் சாய்ந்து, "போடோ," என்றாள். மலாயில் முட்டாள். இருபத்தாறு வருடத்தில் என்னை அப்படிச் சொன்னதே இல்லை.

"போடோ!" என்று கத்தினேன்.

"ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன வாய், பொண்டாட்டி உயிர தூக்கி வெளிய போட்டுச்சு."

சொன்னேன். கண்ணாடிகள் மூடியிருந்தும் பக்கத்து லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"மூணு மாசம் என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லியிருக்க."

அதையும் கத்தினேன். என் கண்ணில் நீர் கொட்டியது. அவள் நிறுத்தவில்லை. என் கோபம், என் திமிர், பிரேமளாவை அழவைத்தது, எல்லாம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையில் மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு, "அந்த அக்கா நல்லா இருக்கணும்," என்றாள். அதையும் சத்தமாகத்தான் சொல்லச் சொன்னாள்.

முடிந்துவிட்டது என்று நினைத்துச் சாவியைத் தொட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"எனக்கு சாகப் பயமா இருக்கு," என்றாள்.

முடியாது என்று தலையை ஆட்டினேன்.

"சொல்லுங்க. ஒரு தடவையாச்சும் அது சத்தமா வெளிய வரட்டும்."

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். போதாது என்றாள். மறுபடி, நெஞ்சு வலிக்கும்படி கத்தினேன். "எனக்கு சாகப் பயமா இருக்கு!"

"ஆமா," என்று சொல்லி இருக்கையில் சாய்ந்துகொண்டாள். "இப்ப போலாம்."

அதன் பிறகு பதினொரு வாரம் இருந்தாள். அந்தப் பதினொரு வாரமும் வந்த அழைப்பை எல்லாம் எடுத்தேன். மருத்துவமனையிலிருந்து ஒன்றும் வரவில்லை.