அக்காள் ஒதுக்கிய மாத்திரை

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் ஒரு கல்லூரியில் கரிம வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். குன்னத்துக்கு அருகே மணமாகிப் போயிருந்த என் அக்காளுக்குக் காசநோய் என்று உறுதியானது அப்போதுதான். பருத்தி எடுக்கும் பருவம் முழுதும் அவள் இருமியிருக்கிறாள். பஞ்சுத் தூசு என்று வீட்டார் விட்டுவிட்டனர். சளியில் இரத்தம் கண்ட பிறகே அவள் கணவர் அவளைப் பெரம்பலூர் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அக்காள் கணவரை நான் மாமா என்று அழைப்பது வழக்கம்.

ஊசியும் பழைய மாத்திரைகளும் ஓராண்டுக்கு மேல் தொடர வேண்டும் என்ற மருத்துவர், உடன் சென்றிருந்த என்னைத் தனியே அழைத்தார். புதிய மருந்து ஒன்று வந்திருப்பதாகவும், அதையும் சேர்த்தால் விரைவில் குணமாகும் என்றும், திருச்சியில்தான் கிடைக்கும் என்றும் கூறினார். ரிஃபாம்பிசின் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. அதன் அமைப்பை முந்தைய வாரம்தான் கரும்பலகையில் வரைந்திருந்தேன். மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்று சுரக்கும் பொருளே அதற்கு மூலம். அப்பொருள் நோய்க் கிருமியைக் கொல்லும். ஆயினும் விழுங்கினால் உடலில் சேராது. வேதியியலார் அம்மூலக்கூறின் ஓரிடத்தில் வெவ்வேறு அணுத்தொகுதிகளைப் பொருத்திப் பார்த்தனர். எத்தனையோ சேர்மங்களைச் செய்து கழித்த பின், வாயால் உண்ணத்தக்க ஒன்றை அடைந்தனர். அந்த உழைப்பின் பயன் என் அக்காளின் நெஞ்சுக்குள் இறங்கப்போகிறது என்று செருக்குற்றேன்.

மாதந்தோறும் திருச்சிக்குச் சென்று வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தேன். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. ஒரு நாளும் தவறக் கூடாது. இவ்வளவே நான் சொன்னது. இரண்டாம் மாதத்தில் இருமல் அடங்கி, முகம் தெளிந்தது. மாமாவுக்கு மகிழ்ச்சி தாளவில்லை.

"மாப்ள படிச்ச படிப்பு இப்பத்தான் வூடு வந்து சேந்திருக்கு," என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் சிரித்தார்.

ஆறாம் மாதத்தில் இருமல் திரும்பியது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவர், மாத்திரையை ஒழுங்காக உண்டாளா என்று கேட்டார். என் கையால் கொடுத்த மருந்தை ஐயுறுகிறாரே என்று எனக்குச் சினம் வந்தது.  வீடு திரும்பியதும் அக்காள் உள்ளே சென்று, ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். அதில் பாதிக்கு மேல் செந்நிற மாத்திரைகள் கிடந்தன.

"சூடுடா தம்பி," என்றாள். "முழுங்குன அன்னைக்கெல்லாம் ஒண்ணுக்கு செவப்பா போவுது. ரத்தமாட்டம். அதான் மூணு நாளைக்கு ஒண்ணுன்னு போட்டேன்."

இடைப்பட்ட நாள்களில் வெந்தயம் ஊறிய நீரைக் குடித்திருக்கிறாள். சிறுநீரின் நிறம் தெளிந்ததும் சூடு தணிந்தது என்று நம்பி அடுத்ததை விழுங்கியிருக்கிறாள்.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"கூடப் பொறந்தவங்கிட்ட இதையெல்லாமா சொல்லுவாங்க?"

அம்மருந்தே செந்நிறமுடையது, சிறுநீரிலும் கண்ணீரிலும் அதே நிறத்தோடு வெளியேறும், அதனால் தீங்கில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாய்த் தொடரும் இரட்டைப் பிணைப்புகள் ஒளியை உறிஞ்சுவதால் அந்நிறம் தோன்றுகிறது என்று வகுப்பில் அரைமணி நேரம் விளக்கியவன் நான். அது அக்காளின் உடலைவிட்டு எப்படி வெளியேறும் என்று ஒரு நொடி எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது ஐயமே. அக்காளிடம் தம்பி பேசும் பேச்சாக அதை அந்நாளில் யாரும் கருதியிருக்கமாட்டார்கள். என் நாவும் கூசியிருக்கும்.

மறுவாரம் அக்காளுடன் சென்று இதைச் சொன்னதும், விட்டு விட்டு உண்டதால் கிருமி அம்மருந்துக்குப் பழகிவிட்டது, பழைய மருந்துகளையும் மீறிவிட்டது, இனி அவை எதுவும் கேட்காது என்றார் மருத்துவர். எஞ்சியவை வாந்தியையும் தலைசுற்றலையும் தரும் சில மருந்துகளே. அவற்றை எழுதிக் கொடுத்தார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை என்பதை அக்காளும் உணர்ந்திருக்க வேண்டும். பேருந்தில் வரும்போது என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்க ஆளுங்க வேற ஒண்ணு செஞ்சிக்கிட்டு இருப்பாங்கல்ல?"

திருச்சியில் ஒரு நூலகத்தில் ஆய்விதழ்களை அந்த வாரம்தான் புரட்டியிருந்தேன். செல்வம் மிக்க நாடுகளில் காசநோய் ஏறத்தாழ ஒழிந்திருந்தது. அவர்களுடைய ஆய்வுக்கூடங்கள் வேறு நோய்களின் பக்கம் திரும்பிவிட்டன. இந்நோய்க்கெனப் புதிய மூலக்கூறு ஒன்று உருவாகிவருவதாக எந்தப் பக்கத்திலும் நான் காணவில்லை.

"செஞ்சிக்கிட்டுத்தான் இருக்காங்கக்கா," என்றேன்.

"அப்ப அது வர்ற வரைக்கும் இதைத் தின்னு சமாளிச்சிக்கிறேன்."

அதன்பின் ஒரு வேளையும் அவள் தவறவிடவில்லை. விழுங்குவாள், வாந்தியெடுப்பாள், வாய் கொப்பளித்துவிட்டு மீண்டும் ஒன்றை விழுங்குவாள். ஒவ்வொரு ஞாயிறும் நான் படியேறியதும் புதியது வந்ததா என்று கேட்பாள். இன்னும் சில மாதம் ஆகும் என்பேன். ஐப்பசியில் ஒரு ஞாயிறு அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது.