பிள்ளை அழும் வீடுகள்

பிரசவமாகி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வீடுகளுக்கு எடை மிஷினும் தோள்பையுமாகப் போய் நிற்கிற நர்ஸ் நான். வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள், நான் பிள்ளையை வைத்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பேன். முதல் சில மாதங்களில் சில பிள்ளைகள் காரணமே தெரியாமல் சாயங்காலம் முழுக்க அழும். பால் கொடுத்தாலும் அழும், துணி மாற்றினாலும் அழும். உங்கள் வீட்டிலும் அழுதிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் காதைப் பொத்திக்கொண்டு படுத்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். அதனால் உங்களிடம் சொல்லலாம்.

மூன்றாவது மாடி

கொரட்டூர் ஏரிப் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட். ரேவதிக்கு நெல்லைப் பக்கம் ஊர், ஐ.டி. வேலையில் பிரசவ லீவில் இருந்தாள். உதவிக்கு வந்த அம்மா, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குத் திரும்பிவிட்டார். கணவர் ஆபீஸிலிருந்து வர இருட்டிவிடும். நான் பெல் அடித்ததும், கத்துகிற பிள்ளையைத் தோளில் போட்டபடி கதவைத் திறந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

எடை பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. "கொஞ்ச நேரம் நான் வச்சிருக்கேன், நீ போய் உன் வேலையைப் பாரு" என்றேன். நம்பாமல் பார்த்தாள். பிறகு பாத்ரூமுக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஈரத் தலையோடு, வேறு ஆள் போல வந்தாள். அழுது ஓய்ந்து என் மடியில் தூங்கிய பிள்ளையை வாங்கவே இல்லை. எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "சிஸ்டர், நாளைக்கும் வருவியளா? ஊசி போட இல்ல, சும்மா."

தெருமுனை

நூம்பலில் ஒரு பழைய குடும்பம். நிலமெல்லாம் மனையாகிவிட்டது, மகன் முருகன் லோடு வண்டி ஓட்டுகிறான். நான் போனபோது பிள்ளை உள்ளே அலறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்த அவன் மனைவி அதைவிட உரக்கக் கத்திக்கொண்டிருந்தாள். "பச்சப்புள்ளய பாயில போட்டுட்டு வெளிய போயி நிக்கிறாருக்கா! நீங்களே கேளுங்க."

போய்க் கேட்டேன். முருகன் தெருமுனையில் லோடு வண்டி மேல் கை வைத்து நின்றிருந்தான். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, பக்கத்தில் தலையணைகூட இல்லாமல் எடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தானாம். நீ செய்ததுதான் சரி என்று, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்த மனைவி எதிரிலேயே சொன்னேன். அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. உள்ளங்கையைப் பார்த்தபடி சொன்னான்: "இன்னும் கொஞ்ச நேரம் தூக்கிகினு இருந்தேன்னு வையி, இந்தக் கை இன்னா பண்ணியிருக்கும்னு எனக்கே தெர்லக்கா."

கீழ் வீடு

அம்பத்தூரில் சதீஷ் செய்ததும் அதுதான் என்றால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். சதீஷ், திவ்யா இருவரும் பல வருஷம் ஏங்கிப் பெற்ற பையன். குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, சதீஷ் வெளியே நின்று "எப்ப கையில குடுப்பாங்க?" என்று வருகிற நர்ஸ் எல்லாரையும் கேட்டவன். பிறகு அவனுக்கு லேத் பட்டறை வேலை போனது. திவ்யா கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குத் திரும்பினாள். பகலெல்லாம் அவனும் பையனும்தான்.

ஒரு சாயங்காலம் பையன் நிறுத்தாமல் அழுதிருக்கிறான். சதீஷ் அவனை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டான். கழுத்து சரியாக நிற்காத வயசு. குலுக்கினால் வெளியே காயமே தெரியாது, தலைக்குள் ரத்தம் கசியும். திவ்யா வந்தபோது பையன் துவண்டு கிடந்தான். ஆஸ்பத்திரியில் முதலில் கட்டிலிலிருந்து விழுந்தான் என்றான் சதீஷ். டாக்டர் மறுபடி கேட்டதும் உடைந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டான். போலீஸ் வந்தது.

அந்தச் சாயங்காலம் யாராவது ஒருவர் கதவைத் தட்டியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் அந்தத் தெருவில் நடக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். பிறகு ஒரு நாள், சதீஷ் இருந்த மாடிக்குக் கீழ் வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும் வாசலுக்கு வந்து, நான் கேட்காமலே சொன்னார்: "மத்தியானத்துலேந்து கத்திகினே இருந்துச்சும்மா. அப்பால சத்தமே இல்ல. பாவம், தூங்கிட்டான்னு நெனச்சிகினேன்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

பையன் பிழைத்தான். வலது கை விரல்கள் மடங்கியே இருக்கின்றன. பார்வை எதிலும் நிற்பதில்லை. திவ்யா அவனை ஆவடியில் தன் அம்மா வீட்டுக்குத் தூக்கிப்போய்விட்டாள். ஊசிக்கு மட்டும் எங்கள் ஹெல்த் சென்டருக்கே வருகிறாள். ஜாமீனில் வந்த சதீஷ் பிள்ளை பக்கம் போகக் கூடாது என்று கோர்ட் உத்தரவு.

போன புதன்கிழமை ஊசி போட்டேன். மற்ற பிள்ளைகள் கூரை பறக்கக் கத்தின. இவன் உதட்டைப் பிதுக்கினான், பூனைக்குட்டி மாதிரி மெல்ல முனகினான், அவ்வளவுதான். திவ்யா அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போனாள். நான் டீ குடிக்க ரோட்டைத் தாண்டினேன். டீக்கடை ஓரத்தில் சதீஷ் நின்றிருந்தான், கையில் ஆறிப்போன டீயோடு. பையன் நன்றாக இருக்கிறானா, திவ்யா ஏதாவது சொன்னாளா என்று கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு: "ஊசி போட்டப்ப அழுதானாக்கா? இங்க நின்னுகினு காத வச்சிகினே இருந்தேன், ஒண்ணும் கேக்கல."

எங்கள் பக்கம் பால்பவுடரிலிருந்து தொட்டில் ஸ்டாண்டு வரை போனைத் தட்டினால் வாசலுக்கு வந்துவிடுகிறது. அழுகிற பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ள ஒரு ஆளை மட்டும் எந்தக் கடைக்காரனும் அனுப்புவதில்லை.