மகளின் மதிப்பெண் கவரை நான் பிரித்த நாள்

அஜ்மானில் என்னோடு ஆராதிக்கும் சகோதர சகோதரிகளே, இதை எழுத எனக்கு விருப்பமே இல்லை. எழுபத்தொரு வயதில் தன் புத்திகெட்ட வேலையை ஊரறியச் சொல்ல யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் தவறைச் சொல்லாமல் ஆண்டவர் செய்த உதவியை மட்டும் சொன்னால் அது பாதிச் சாட்சிதான்.

கடந்த ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, என் ஒரே மகள் ஜெபாவின் மேற்படிப்பை என் கையாலேயே கிழித்தேன்.

ஜெபா துபாயில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏழு வருடமாக நர்ஸ். நம் நாட்டில் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவர் டாக்டர். அமெரிக்காவில் அதற்கென்று மேற்படிப்பு படித்த நர்ஸும் கொடுக்கலாம். அந்தப் படிப்புக்குத்தான் அவள் விண்ணப்பித்தாள். முந்தின வருடம் ஒருமுறை விண்ணப்பித்தபோது நிராகரித்துவிட்டார்கள். இது இரண்டாம் முறை. "இதுவும் போச்சுன்னா விட்டுருவேன்ப்பா, எனக்கு மூச்சில்ல" என்று சொல்லியிருந்தாள். பன்னிரண்டு மணி நேர டியூட்டி, போக வர மூன்று மணி நேரம் பஸ், அதற்கு மேல் படிப்பு. அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்குச் சோர்வு வரும்.

மூன்று சிபாரிசுக் கடிதங்கள், ஊரிலே, நாகர்கோவிலில், அவள் படித்த நர்சிங் கல்லூரியின் மதிப்பெண் பட்டியல் என நான்கு கவர்களை, ஒட்டியபடியே ஒரே பொதியாக அனுப்ப வேண்டும். கடைசியாக வந்தது கல்லூரிக் கவர். கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஜெபா டியூட்டியில் இருந்தாள். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

ஜெபல் அலியில் இருபத்தாறு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். பிரித்து எண்ணாமல் ஒரு பெட்டியைக்கூட உள்ளே விட்டதில்லை. கவர் மெல்லிசாக இருப்பதாகப் பட்டது. பதினொரு பக்கம் இருக்க வேண்டுமே, ஒன்று குறைந்தால்? ஒட்டிய இடத்தின் குறுக்கே கல்லூரி முத்திரையும் முதல்வரின் கையெழுத்தும் இருந்தன. பிரித்தால் செல்லாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அதை வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் பிரித்தேன்.

பதினொரு பக்கமும் இருந்தது.

அதன் பிறகுதான் பசைக்குப்பியைத் தேடினேன். பசை போட்டு ஒட்டிப் பார்த்தேன். முத்திரையின் இரண்டு பாதிகளும் சேரவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தேன், இரண்டு மில்லிமீட்டர் விலகல். கல்லூரிக்குப் போன் அடித்தேன். பொங்கல் விடுமுறை. சனிக்கிழமை வரை பதினான்கு முறை அடித்தேன், ஒருவரும் எடுக்கவில்லை. "கவர் வந்துச்சாப்பா?" என்று ஜெபா கேட்டபோது, "வரும், வரும்" என்றேன். பொய். "ஆண்டவரே, யார் கண்ணிலும் படாமல் பண்ணிவிடும்" என்றுதான் ஜெபித்தேன். திருடன் செய்கிற ஜெபம் அது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நீங்கள் எல்லாரும் ஜெபாவின் விண்ணப்பத்துக்காக ஜெபித்தீர்கள். என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். முழங்கால் மடங்காது, கட்டிலில் உட்கார்ந்தேன். அப்போதுதான் உண்மை வாயில் வந்தது. "ஆண்டவரே, நான் நான்கு மாதமாக இரண்டு ஜெபம் செய்கிறேன். சத்தமாக, அவளுக்கு இடம் கொடும் என்கிறேன். உள்ளுக்குள், வேண்டாம் என்கிறேன்." நான் இங்கே இருப்பது அவள் எடுத்த விசாவில். அவள் போனால் நானும் ஊருக்குப் போக வேண்டும். மனைவி இறந்து ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு, தனியாக. என் கை ஏன் அந்தக் கவரைப் பிரித்தது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. "அவளைப் போக விடும். என்னை நீர் பார்த்துக்கொள்ளும்" என்று அழுதேன். எழுந்து போய் அவளிடம் கவரை நீட்டினேன்.

"என்னத்துக்குப்பா தொறந்திய?"

"எண்ணிப் பாக்கத்தான்."

"எண்ணியாச்சா? சரியா இருக்கா?"

"பதினொண்ணு."

"ரொம்ப சந்தோசம். இனி அத ஃப்ரேம் போட்டு மாட்டுங்க."

அவள் கோபித்தாலும் தாங்கியிருப்பேன். நான் மீதியையும் சொன்னேன். "நீ போகக் கூடாதுன்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு இருந்துச்சும்மா."

ஜெபா கவரை வாங்கி மேசைமேல் வைத்தாள். "தெரியும்ப்பா. இந்தப் படிப்புக்கு ஜெபம் பண்ணும்போது மட்டும் உங்க சத்தம் கொறஞ்சிரும்" என்றாள். "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லணும். அதுக்குக் கவரக் கிழிப்பாங்களா?"

இரண்டு பேரும் கைபிடித்து ஜெபித்தோம். அன்று என் சத்தம் குறையவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஜெபா அதே எண்ணுக்கு அடித்தாள். முதல் மணியிலேயே முதல்வரே எடுத்தார். விடுமுறையில் வீட்டில் இருந்தவர், மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்க அப்போதுதான் உள்ளே வந்தாராம். அன்றைக்கே புதுக் கவர் போட்டு முத்திரை வைத்துத் தருவதாகச் சொன்னார். ஆனால் விடுமுறையில் கூரியர் எப்போது வரும்? பால் வாங்கக் கீழே கடைக்குப் போனேன். கடைக்காரர் செய்யது காயல்பட்டினத்துக்காரர். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், சொன்னேன்.

"இதுக்கா அண்ணாச்சி இந்த மொகம்? எங்க மச்சான் நாளைக்குத் திருவனந்தபுரத்துல ப்ளேன் ஏறுறாரு. வழிதானே நாகர்கோவில்? கவருக்கு என்ன, விசாவா வேணும்? அவர் மடியில உக்காந்து வந்துரும். வந்தா நீங்க மட்டும் தொடாதீங்க!"

புதன்கிழமை செய்யதின் கடைக்குக் கவர் வந்தது. நான் தொடவில்லை. ஜெபா வந்து வாங்கி அன்றே பொதியை அனுப்பினாள். கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்பு அது போய்ச் சேர்ந்தது. பிப்ரவரியில் நேர்காணல். மார்ச்சில் இடம் கிடைத்தது.

தற்செயல் என்பவர்கள் சொல்லட்டும். மறைத்து ஜெபித்த மூன்று நாளும் ஒரு வாசலும் திறக்கவில்லை. உண்மையைச் சொன்ன மறுநாள் இரண்டு திறந்தன. எனக்கு அது போதும்.

வரும் ஆகஸ்டில் அவள் அமெரிக்காவுக்கு ஒரு விமானத்தில், நான் ஊருக்கு ஒரு விமானத்தில். பயம் போய்விட்டது என்று சொன்னால் மறுபடியும் பொய் சொன்னவனாவேன். இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் அவரிடம் சொல்கிறேன். உங்களுக்குள்ளும் சொல்லாமல் வைத்திருக்கும் ஜெபம் ஏதாவது இருந்தால், அழகாக்காமல் அப்படியே அவரிடம் சொல்லுங்கள். அவர் கோபிக்கமாட்டார். என்னையே கோபிக்கவில்லை. அவருக்கே ஸ்தோத்திரம்.