துப்பட்டாவில் ஏறிய வாடை

"ஏட்டி, நீ காலேஜுக்குப் போயிட்டு வாரியா, எங்க பிளீச்சிங் தொட்டியில முங்கிட்டு வாரியா?"

அக்கா என் துப்பட்டாவை மோந்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. குளோரின் வாடை அவளுக்குப் பழக்கம். எனக்கு அதுதான் தலைவலி.

கடல் நீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜன் பிரிப்பது எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட். ஒரு தகட்டில் ஹைட்ரஜன் வரும். மற்றதில் ஆக்சிஜன் வர வேண்டும். உப்பு சும்மா இருக்குமா? ஆக்சிஜனுக்குப் பதில் குளோரினைக் கிளப்பி, தகட்டின் மேல் பூசிய வினையூக்கியை அரித்துத் தின்றுவிடும். எங்கள் பூச்சு ஒரு மத்தியானத்தைக்கூடத் தாண்டவில்லை. அடுத்த ரிவ்யூவுக்குள் ஒரு முழு நாள் தாங்காவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார் எங்கள் கைடு.

"அந்த வாடையை நீங்க எப்படிக்கா போக்குவீங்க?"

"வெளுத்த பொறவு ஹைப்போ தண்ணியில அலசுவோம். செத்த நேரத்துல போயிரும். இதுகூடத் தெரியாம எம்புட்டு வருசமா படிக்கே!"

ஹைப்போ. கந்தகம் உள்ள உப்பு. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அதைத் தண்ணீரில் போட்டால் தீர்ந்துபோகும். அந்தக் கந்தகத்தைத் தகட்டிலேயே ஏற்றினால்? மேற்பரப்பில் கந்தகம் இருந்தால் குளோரைடை ஒட்டவிடாது என்று எப்போதோ படித்தது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி பஸ் ஏறிய என் புராஜெக்ட் தோழியிடம் கடகடவென்று கொட்டினேன். "மொதல்ல மூச்சு விடு ஏட்டி" என்றாள்.

இரும்பு உப்பும் ஹைப்போவும் கரைத்த நீரில், ஸ்பாஞ்ச் போல் துளை துளையான நிக்கல் தகட்டை ஊறவைத்தோம். சில நிமிடங்களில் கறுத்தது. முதல் தடவை பூச்சு உரிந்தது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. அதைத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினோம். அன்று மாலை துப்பட்டாவை அக்காவிடம் நீட்டினேன்.

"ஏன், இன்னைக்குக் காலேஜுக்குப் போகலையா?"

அதைவிட நல்ல சர்டிபிகேட் எனக்கு வேண்டாம். மறுநாள் மாலையிலும் தகட்டில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன; முழு நாள் தாண்டிவிட்டது.

ரிவ்யூவில் கைடு கேட்டார்: "கடல் தண்ணி எங்க பிடிச்சீங்க?"

தோழி என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்: "சார், எங்க வீட்டு சாப்பாட்டு உப்புதான்... கரைச்சோம்."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். "தலைப்பு இருக்கட்டும். ஆனா நிஜக் கடல் தண்ணியில காட்டுங்கம்மா."

நிஜக் கடலில் கால்சியமும் மெக்னீசியமும் உண்டு. ஹைட்ரஜன் வரும் தகட்டில் அவை வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். அதனால் முதலில் காஸ்டிக் சோடா போன்ற காரம் கலந்து, அந்த வெள்ளையை அடியில் படியவைத்து வடிகட்ட வேண்டும். சனிக்கிழமை தோழியின் மாமா தூத்துக்குடியிலிருந்து ஒரு கேன் நிறையக் கடல் நீர் கொண்டுவருகிறார். வடிகட்ட, நாலாக மடித்த பேண்டேஜ் துணி தருவதாக அக்கா சொல்லியிருக்கிறாள். வடித்த நீரில் அந்தக் கறுத்த தகட்டை இறக்கி, சுவிட்சைப் போடப்போகிறோம்.