கதவைத் தட்டியது யார்?

மெர்டேக்கா வரப்போகிறது, வெள்ளைக்காரன் போய் நாடு சுதந்திரமாகப் போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். காஜா பேராங்கில் எங்கள் பலகை வீட்டிலோ எனக்கும் தங்கைக்கும் வேறு கவலை. ஞாயிற்றுக்கிழமைக் கதையை மாமா எந்த இடத்தில் நிறுத்துவாரோ என்பதுதான் அது.

மாமா அம்மாவின் தம்பி. கதையில் ஆபத்து நெருங்க நெருங்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போகும். பூதம் கையை நீட்டும். உடனே இவருக்குக் கோப்பி வேண்டும். கோப்பி வந்தால் அது ஆற வேண்டும். நாங்கள் தவியாய்த் தவிப்போம்.

அம்மாவின் அக்காவான பெரியம்மாவும் எங்களோடுதான் இருந்தார். அவர் மட்டும் கதை கேட்க வரமாட்டார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பெரியப்பாவையும் மாமாவையும் சேர்த்துத்தான் பிடித்துப் போனார்களாம். மாமா மட்டும் திரும்பி வந்தார். "வழியில பிரிஞ்சிட்டோம்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. கிளேபாங்குக்கு வீடு மாறலாம் என்று அப்பா சொன்னபோதெல்லாம், "அவரு இங்கதானே வந்து தேடுவாரு" என்று பெரியம்மா மறுத்துவிடுவார்.

அன்று மத்தியானம் நல்ல மழை.

"காட்டுக்குள்ள ஒத்த வீடு. உள்ள ஒரு பொம்பள தனியா இருக்கா. வெளிய காலடிச் சத்தம்" என்று மாமா தொடங்கினார். காலடி மெல்லப் படியேறியது. வாசலில் நின்றது. கதவை யாரோ மூன்று தரம் தட்டினார்கள். மாமா கோப்பிக் குவளையை எடுத்தார்.

"யாரு தம்பி வந்தது?"

கேட்டது நாங்கள் இல்லை. சமையலறை வாசலில் பெரியம்மா மாவுக் கையோடு நின்றிருந்தார்.

மாமா தடுமாறிப் போனார். "யாருமில்லக்கா. காத்துதான்."

"காத்து மூணு தடவ தட்டுமா?"

மாமா குவளையைக் கீழே வைத்தார்.

"வந்தது அவ புருஷனா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

மாமா தலை நிமிராமலே, "அவரு வரமாட்டாருக்கா" என்றார்.

கதையில் 'அவரு' என்று ஒருவர் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. மாமா எழுந்து மழையில் இறங்கிப் போய்விட்டார். அம்மா அழுதார். காட்டு வீட்டுப் பெண்ணுக்காக அம்மா ஏன் இப்படி அழவேண்டும் என்று விழித்தேன். பெரியம்மா உள்ளே போய் மாவைப் பிசைந்தார்.

மறுநாள் காலையில் அவர் நெற்றியில் பொட்டு இல்லை. மறந்துவிட்டார் போலும் என்று குங்குமச் சிமிழை எடுத்துப்போய் நீட்டினேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு விரலால் குங்குமத்தைத் தொட்டு என் நெற்றியில் வைத்தார்.

அந்தப் பெரிய பொட்டோடு, கதவைத் தட்டியது யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன்.