தோற்றம் தெரியவில்லை

அனந்தலக்ஷ்மிக்கு ஐம்பத்தாறு வயது. கரமனையிலிருந்து கழக்கூட்டத்துக்கு இரண்டு பஸ். பதினோரு வருஷமாக அங்கே ஓர் அலுவலகத்தில் ஆங்கில மரபுத்தொடர்களுக்குப் பொருளும் பிறப்பும் எழுதிக்கொண்டிருக்கிறாள். எங்கெங்கோ இருக்கும் மாணவர்கள் அதை இணையத்தில் படிக்கிறார்கள். ஒரு பிறப்புக் கதையை எழுத, பழைய அச்சுச் சான்று குறைந்தது இரண்டு கிடைக்க வேண்டும். இல்லையென்றால் ‘தோற்றம் தெரியவில்லை’ என்று போட்டுவிடுவாள். வெள்ளிக்கிழமையோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பது மேலாளர் ஷாஜியின் கையில்.

செவ்வாய்க்கிழமை ஷாஜி அவள் மேஜைக்கே வந்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

“மேடம், எனக்கு வேண்டியது இதாணு. கம்பளத்தைப் பற்றி எழுதினீங்களே, நல்ல கதை. ரெண்டே நாளில் நாலாயிரம் பேர் படிச்சிருக்காங்க. தெரியவில்லைன்னு எழுத ஒரு ஆள் எதுக்குன்னு நினைச்சிட்டிருந்தேன். இனி கான்ட்ராக்டுக்கு பிரச்சினை இல்லை.”

அவள் கம்பளத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை. பக்கத்தைத் திறந்தாள். ஒருவர் நிற்கும் கம்பளத்தைக் காலடியிலிருந்து உருவுவது என்ற ஆங்கிலத் தொடர். நம்பி நிற்கிறவரின் காலைத் திடீரென்று வாரிவிடுவது என்று பொருள். அதுவரை சரி. கீழே மூன்று பத்திகளில் துருக்கி அரண்மனை, சுல்தான், மந்திரி, கம்பளத்தைச் சுண்டியிழுத்த சேவகன். கடைசி வரியில் ‘சரிபார்த்தவர்: அனந்தலக்ஷ்மி’.

புதியவர்கள் எழுதுவதை அவள் படித்து ஒப்புதல் தர வேண்டும். முழங்கால் வலியில் படுத்திருந்த வாரம், வேலை நிற்க வேண்டாமென்று அந்தப் புதியவர்களில் ஒருவனான மஹேஷிடம் தன் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தாள். அவள் தெருக்காரன். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

“ஏண்டா, இந்த சுல்தான் கதையை யார் சொன்னா?”

“யாராவது சொல்லணுமா மாமி? கேக்கறச்சே சரியா இருக்கோல்லியோ?”

“என் பேரைப் போட்டிருக்கே.”

“மாமிக்கு வேண்டித்தான். எனக்கு எதுக்கு அந்தப் பேர்? நீங்க தெரியாது, தெரியாதுன்னு எழுதி எழுதியே சாருக்குப் போரடிச்சுப் போச்சு. இப்பப் பாருங்கோ, சிரிச்சுண்டு போறார்.”

அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மூன்று மணி வரை வேறு வேலை பார்த்தாள். பிறகு மூன்று பத்திகளையும் அழித்தாள். ‘அமெரிக்கப் பத்திரிகைகளில் சுமார் நூறு வருஷமாகக் காணப்படுகிறது. காலடி நிலத்தை வெட்டுவது என்ற தொடர் இதைவிடப் பழையது. இது எப்படிப் பிறந்தது என்று தெரியவில்லை.’ சேமித்தாள். ஷாஜிக்கு ஒரு வரி அனுப்பினாள்: அந்தக் கதைக்கு ஆதாரமில்லை, எடுத்துவிட்டேன், கவனிக்காதது என் பிழை. மஹேஷின் பெயரை எழுதவில்லை. கடவுச்சொல்லை மாற்றினாள்.

சாயங்காலம் பஸ் ஸ்ரீகாரியம் நெரிசலில் சிக்கியிருந்தபோது, பின்னால் நின்றுகொண்டிருந்தவளுக்கு ஷாஜியின் பதில் வந்தது. வெள்ளிக்கிழமை அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தார்.

முன் சீட்டில் மஹேஷ் வழக்கம்போல ஜன்னலோரம் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான்.

“மாமி, எத்தனை நாழி நிப்பேள்? இங்க வாங்கோ.”

முழங்கால் கடுத்தது. போய் உட்கார்ந்தாள்.